ஆபீசர் வருகிற நாள்

எங்கள் பக்கத்து வீட்டுச் சின்னம்மா விறகு பொறுக்கப் போன இடத்தில் தீப்பட்டுக் காயமடைந்தாள் என்று கம்பெனி சொன்னது. அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா தெருமுனைக் கடையிலிருந்து போன் செய்தாள்.

"வெறகு பொறுக்கப் போனாளாம்டி. எளுதியே குடுத்துட்டாங்க. அவ வீட்ல கேஸ் அடுப்பு வாங்கி எம்புட்டு நாளாச்சு? வெறகு எதுக்குங்கேன்?"

சின்னம்மா என்று கூப்பிட்டாலும் எங்களுக்குள் இரத்த உறவு கிடையாது. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரே ஒரு சுவர். அம்மாவும் அவளும் ஒரே பயராபீசில், ஒரே அறையில், எதிரெதிராக உட்கார்ந்து சரவெடி பின்னியவர்கள். பட்டாசுத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் பயராபீஸ் என்றுதான் பெயர். அன்று மத்தியானம் பக்கத்து அறையில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. அம்மா தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தாள். சின்னம்மா உள்ளே இருந்தாள். இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன.

நான் லீவு சொல்லிவிட்டுக் கோவில்பட்டி வந்து, அங்கிருந்து சாத்தூர் பஸ் ஏறினேன். எனக்கு எதையும் வரிசைப்படுத்தித்தான் யோசிக்க வரும். ஒன்று, அவள் அங்கே வேலை பார்த்தாள். இரண்டு, அது எங்கள் ஊருக்கே தெரியும். மூன்று, அரசாங்கத்துக்குத் தெரியாது. மூன்றாவது எப்படி நடந்தது என்பதை யாரிடமும் நான் கேட்க வேண்டியதில்லை. சின்ன வயதில் நானே அந்தக் காட்டுக்குள் ஓடியிருக்கிறேன்.

காடு என்றால் பெரிய காடு இல்லை. பயராபீசின் பின்பக்க வேலிக்கு அப்பால் விளையாமல் போன கரிசல் நிலமும், அதில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலமும்தான். ஒரு அறையில் நான்கு பேர்தான் உட்கார வேண்டும் என்பது விதி. சீசனில் அதைப்போல இரண்டு மடங்கு ஆள் உட்காரும். ஆகவே சோதனைக்கு ஆபீசர் வருகிறார் என்றால் மிச்சமிருப்பவர்களை எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டும். ஜீப் சாத்தூரைத் தாண்டுவதற்கு முன்பே ஆபீஸ் ரூமுக்கு போன் வந்துவிடும். போர்மேன் கைதட்டிக்கொண்டே ஓடி வருவார்.

"ஆபீசர் வர்றாக, எந்திரிங்க, எந்திரிங்க! செருப்பை எடுத்துக்கிட்டுப் போங்க மதினி, போன தடவ மாதிரி விட்டுட்டுப் போயிராதீக!"

செருப்பு முக்கியம். உராய்ந்து பொறி கிளம்பும் என்பதால் அறைக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை, வாசலில்தான் கிடக்கும். நான்கு பேர் இருக்கிற அறைக்கு வெளியே எட்டு ஜோடி கிடந்தால் ஆபீசர் கேட்பாரே. ஒருமுறை யாரோ மறந்து போட்டுவிட்டுப் போன செருப்புகளைப் போர்மேன் அவசரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்துவிட்டாராம். அவை மிதந்தனவாம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பெண்கள் முள்ளுக்குள் உட்கார்ந்து சிரிப்பார்கள்.

பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போன நாட்களில் எனக்குக் காடு பிடித்திருந்தது. அங்கே வைத்துத்தான் பெண்கள் நிதானமாகப் பேசுவார்கள். தூக்குவாளியைத் திறந்து சோற்றைப் பகிர்ந்துகொள்வார்கள். சின்னம்மா முந்தானையை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு, "இந்த ஆபீசர் தெனமும் வரக் கூடாதா? நல்ல மனுசன், அவரு புண்ணியத்துலதான் இடுப்பை நிமுத்துறோம்" என்பாள். யாரும் அதை அவமானமாக நினைக்கவில்லை. மழைக்கு ஒதுங்குவது போல ஒதுங்கினார்கள். அப்படி ஒதுங்கிய ஒவ்வொரு முறையும், தாங்கள் அங்கே இல்லை என்பதற்குத் தாங்களே சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். இதை நான் புரிந்துகொண்டது பயராபீசில் இல்லை. இன்ஜினியரிங் கல்லூரியில்.

தன் பிள்ளை மருந்தைத் தொடக் கூடாது என்ற வைராக்கியத்தில்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். நான் கெமிக்கல் பிரிவில் சேர்ந்தேன். "ஊரு ஒலகத்துல வேற படிப்பே இல்லையா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்கு லாரியில் லோடு ஏற்றப் போகும் அப்பா மட்டும், "படிக்கட்டும், மருந்துக்கு மருந்து தெரிஞ்ச ஆளு வேணும்ல" என்றார்.

மூன்றாம் வருடம் எங்கள் கல்லூரிக்கு அங்கீகாரக் குழு வருவதாக இருந்தது. முந்தின வாரம் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. எங்கள் துறை ஆய்வகத்தில் அதுவரை சுவர் மட்டுமே இருந்த மூலையில், திரவங்களைக் காய்ச்சிப் பிரிக்கிற ஆளுயரக் கண்ணாடிக் கலன் ஒன்று ஒரு காலையில் லாரியில் வந்து இறங்கியது. வேறொரு கல்லூரியிலிருந்து இரவல். பேராசிரியர்களும் அப்படித்தான் வந்தார்கள். எங்கள் துறைப் பேராசிரியர் என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்த ஒருவர், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

பிறகு துறைத் தலைவர் எங்களில் சிலரை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு உங்களுக்கெல்லாம் லீவு. வீட்டில் இருந்து படியுங்கள்" என்றார். யார் யாரை அழைத்திருந்தார் என்று பார்த்தேன். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். ஆங்கிலத்தில் கேட்டால் திணறுபவர்கள். சட்டைக் காலர் நைந்தவர்கள். வகுப்பில் அதிகமாகக் கேள்வி கேட்பவர்கள். நான் முதல் வகையிலும் கடைசி வகையிலும் இருந்தேன்.

வெளியே வந்ததும் என் தோழி ஒருத்தி, "நல்லதாப் போச்சுடி, தூங்கலாம்" என்றாள். சின்னம்மா முந்தானையை விரித்துப் படுத்தது அந்த நிமிடம் எனக்கு ஞாபகம் வந்தது.

"நமக்கு லீவு இல்லடி. நம்மளக் காட்டுக்குள்ள போகச் சொல்றாங்க" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. அவள் அருப்புக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டுப் பெண், பயராபீஸ் பார்த்ததில்லை. நான் விவரமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ நாளைக்கு நல்ல துணியா உடுத்திட்டு வாரேன்" என்றாள். லீவு விடப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் மறுநாள் வந்துவிட்டோம். கோஷம் இல்லை, தட்டி இல்லை. ஆய்வகத்தில் போய் அவரவர் இடத்தில் நின்றோம். துறைத் தலைவர் எங்களைப் பார்த்ததும் வெளியே போகச் சொல்லி வாசலை நோக்கிக் கையை நீட்டினார். அதற்குள் குழு நுழைந்துவிட்டதால் அதே கையால் அவர்களை வரவேற்றார்.

குழுவில் வயதான ஒருவர் கலனைக் காட்டி, இதில் என்னென்ன சோதனைகள் செய்திருக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். "இதை இந்த வாரம்தான் சார் முதல் தடவையாகப் பார்க்கிறோம். லாரியில் வந்தது" என்றேன்.

சாயங்காலமே என்னையும் என் தோழியையும் இடைநீக்கம் செய்தார்கள். பெற்றோரோடு வந்து மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் பரீட்சை எழுதலாம். அம்மா அரை நாள் வேலையைப் போட்டுவிட்டு வந்தாள். முதல்வரின் அறையில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"சின்னப்புள்ள சார், தெரியாமச் செஞ்சுட்டா. எளுதிக் குடுத்துருவா."

"தெரிஞ்சுதாம்மா செஞ்சேன்" என்றேன்.

முதல்வர் பேனாவை மேஜையில் வைத்தார். "பார்த்தீங்களா அம்மா? இதுதான் உங்க பொண்ணு."

"ஏ புள்ள, வாய மூடு. எளுது." அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். நான் எழுதவில்லை. முதல்வருக்கு முன்னால் அம்மா என்னை அடித்தாள். ஒரே ஒரு அடி. பிறகு அவளே அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் திருத்தங்கல் தாண்டியதும் வெடித்தாள். "நாங்க முள்ளுக்குள்ள ஓடுறது வயித்துக்குடி. நீ எந்த வயித்துக்கு அங்கன போயி நின்ன? ஒரு நா வீட்ல இருந்தா என்ன கொறஞ்சு போவ?"

"இருந்தா நான் அந்தக் காலேஜ்ல படிக்கலைன்னு ஆயிருமேம்மா."

"ஆகட்டுமே. சர்டிபிகேட்டு குடுப்பான்ல?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அம்மாவின் வாழ்க்கையைப் பற்றிய பதிலாக அது இருந்தது. சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மற்றது மாணவர்கள் செய்தது. வகுப்புக்குப் போக மாட்டோம் என்று கல்லூரி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். பிற துறைகளும் சேர்ந்தன. அவர்கள் ஆய்வகங்களிலும் இரவல் சாமான்கள் இருந்தன. நிர்வாகம் ஹாஸ்டலில் தண்ணீரை நிறுத்தியது. ஹாஸ்டல் பிள்ளைகள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தாளாளர் அறை வாசலில் வரிசையாக நின்றார்கள். மூன்று கோரிக்கைகள் எழுதினோம். இடைநீக்கத்தை ரத்து செய்ய வேண்டும். ஆய்வகத்துக்குச் சொந்தமாகச் சாமான் வாங்க வேண்டும். ஆய்வு நாளில் எந்த மாணவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முதலாவது கிடைத்தது. இரண்டாவது பாதி கிடைத்தது; அடுத்த பருவத்தில் கலன் வந்தது, இடுப்பு உயரத்தில். மூன்றாவதைப் படித்துவிட்டுத் தாளாளர், "இதெல்லாம் ஒரு கோரிக்கையா?" என்று சிரித்தார். மன்னிப்புக் கடிதத்தைக் கடைசி வரை நான் எழுதவில்லை. அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

தூத்துக்குடியிலிருந்து லீவில் வந்த நான் பார்க்கப் போனபோது, தீக்காய வார்டில் சின்னம்மாவின் இரண்டு கைகளும் கட்டுக்குள் இருந்தன. என்னைப் பார்த்ததும், "வாம்மா இஞ்சினியரு. வெறகுக்காரியப் பாக்க வந்தியா?" என்றாள். அதைச் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவிடவில்லை.

"என்ன வேணும் சின்னம்மா?"

"கை போயிருச்சு. அதை யாரும் தர முடியாது. நான் அங்கன வேலைதான் பார்த்தேன்னு அந்த மேனேஜர் அவன் வாயால சொல்லணும். கல்யாணமாயி வந்த மறுவாரம் போய் உக்காந்தவடி நான். வெறகு பொறுக்குனேங்கான்."

வேறு எதையும் அவள் கேட்கவில்லை. தொழிலாளி என்று ஒத்துக்கொண்டால் வைத்தியம், ஈட்டுத்தொகை எல்லாம் பின்னால் வரும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவள் கேட்டது அந்த ஒரு வாக்கியத்தை.

நான் தூத்துக்குடி வேலையை விட்டேன். விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பரோட்டா கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் தொழிலாளர் உரிமைக்கான ஒரு சிறிய அமைப்பு இயங்கியது. அதில் சேர்ந்தேன். கீழே எண்ணெயில் பரோட்டா பொரிகிற வாசனையில் மனுக்கள் எழுதினோம். எங்கள் தெருவில் அம்மா, "இஞ்சினியருக்குப் படிச்சுப்புட்டு நோட்டீசு குடுக்கா" என்று எல்லோரிடமும் சொன்னாள். சொல்கிற தொனியில் வருத்தம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆரம்பத்தில் எங்கள் தெருவில் பயராபீஸ் பெண்களுக்கு நான் பாதுகாப்பு வகுப்புதான் எடுத்தேன். படித்த படிப்பு அது. உடம்பில் சேர்கிற மின்னூட்டம் மருந்தைப் பற்ற வைக்கும், ஆகவே அறைக்குள் போகும் முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்தத் தகடா?" என்றாள் ஓர் அக்கா. "அது ஆபீசர் வர்ற அன்னைக்குத்தான் இருக்கும். அப்பத்தான் நாங்க இருக்க மாட்டமே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் வகுப்புக்கான படங்களைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நேராக விஷயத்துக்கு வந்தேன். ஆபீசர் வந்தால் எழுந்திருக்காதீர்கள் என்றேன். சண்டை வந்துவிட்டது. அப்படி உட்கார்ந்திருந்தால் அறையில் ஆள் அதிகம் என்று கம்பெனிக்குச் சீல் வைப்பார்கள். சீசனில் சீல் வைத்தால் எங்கே போவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

"உனக்கென்னம்மா, நீ தூத்துக்குடிக்குத் திரும்பிப் போயிருவ" என்றாள் தகட்டைப் பற்றிச் சொன்ன அக்கா.

"போனா கேளுங்க."

"போனப்புறம் எப்படிக் கேக்குறது?"

சின்னம்மா அப்போது மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டிருந்தாள். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்ப நாளைக்கு உங்கள்ல ஒருத்திக்கு ஆனாலும் வெறகுதான். இல்ல, ஆடு மேய்க்க வந்தான்னு சொல்லுவான். எது வேணும்னு இப்பவே சொல்லி வச்சுக்கங்க" என்றாள்.

அம்மாதான் கேட்டாள்: "ஏ புள்ள, ரூமுக்குள்ள இருந்தாத்தான சீலு? வெளிய வந்துட்டு, காட்டுக்குப் போகாம கேட்டுல உக்காந்தா?"

உட்காரலாமா கூடாதா என்று அன்று இருட்டும்வரை பேசினார்கள். கேட்டில் உட்கார்ந்தாலும் ஆபீசர் கணக்குப் போட்டுவிடுவார், கம்பெனி மீது நடவடிக்கை வரும் என்று நான் உள்ளதைச் சொன்னேன். மறைக்கவில்லை. முடிவு எதுவும் எடுக்காமல் கலைந்தார்கள்.

ஆபீசர் வந்தது ஆவணி மாதம், சரக்கு லாரி லாரியாக வடக்கே போய்க்கொண்டிருந்த சமயம். நான் கம்பெனிக்கு எதிரே ரோட்டோர டீக்கடையில் நின்றிருந்தேன். ஆபீசர் அன்று வருவதாக முந்தின நாளே பேச்சு அடிபட்டதால், காலையில் அம்மாவிடமிருந்து மிஸ்டு கால் வந்ததும் பஸ் பிடித்து வந்திருந்தேன். சின்னம்மா எனக்கு முன்பே அங்கே இருந்தாள். காலை வேனில் மற்றவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்து, கேட்டுக்கு வெளியிலேயே இறங்கிக்கொண்டாளாம்.

கம்பி கேட் வழியாக எல்லாம் தெரிந்தது, பேச்சும் கேட்டது. போர்மேன் கைதட்டினார். பெண்கள் எழுந்து செருப்பை மாட்டினார்கள். பின்பக்க வேலியை நோக்கி நடந்தார்கள். எப்போதும் போல. அவ்வளவுதான் என்று நினைத்தேன். வேலி அருகே போன அம்மா நின்றாள். திரும்பி, கேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். முதலில் அவளோடு வந்தது நான்கைந்து பேர். மற்றவர்கள் வேலிக்கும் கேட்டுக்கும் நடுவில் தயங்கினார்கள். பிறகு தகட்டு அக்கா கெட்ட வார்த்தை ஒன்றை உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவள் பின்னால் பாக்கிப் பேர் வந்தார்கள்.

போர்மேன் குறுக்கே ஓடினார். "ஏ மதினி, என்ன வெளையாட்டு இது? காட்டுக்குப் போங்க, ஒங்க காலப் பிடிக்கேன்!"

"முள்ளு குத்துதுய்யா" என்றாள் அம்மா.

"இத்தன வருசம் குத்தலயா?"

"குத்துச்சு. இன்னைக்குத்தான் வலிக்கி."

கேட்டுக்கு உள்ளே வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். ஜீப் வந்து நின்றது. ஆபீசர் களைத்த மனிதர். ஒரு கையில் கைக்குட்டை. இறங்கியதும் அத்தனை பெண்களைப் பார்த்துத் திகைத்தார். "யாருய்யா இவங்கல்லாம்?"

போர்மேனுக்கு வாயில் வந்தது அதுதான். "வெறகு பொறுக்க வந்தவங்க சார்."

பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைகளை விரித்துக் காட்டினார்கள். அலுமினியப் பவுடர் ஏறிய உள்ளங்கைகள் வெயிலில் மின்னின. சின்னம்மா கேட்டைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனாள். ஒட்டிப்போன கையை அவர்களோடு சேர்த்து நீட்டினாள்.

"நானும் வெறகு பொறுக்குறவதான் சார். கல்யாணம் ஆனதுலருந்து பொறுக்குறேன். இன்னும் ஒரு சுள்ளி கெடைக்கல."

சிரிப்புச் சத்தம் டீக்கடை வரை கேட்டது. ஆபீசர் சிரிக்கவில்லை. "நான் ரூமைத்தான் பாக்கணும்மா" என்றார்.

"ரூமப் பாருங்க. ரூமுலருந்து வந்தவுகளையும் பாருங்க" என்றாள் அம்மா.

அவர் பார்த்தார். எழுதினார். அந்த வாரமே கம்பெனியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வெற்றி என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை. சீசனில் வேலை இல்லாத வாரங்கள் அவை. வேறு கம்பெனிகளுக்குப் போனால், "கேட்டுல உக்காந்த கோஷ்டியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். குழாயடியில் என் காதில் விழும்படி பேசினார்கள். எங்கள் வீட்டிலேயே கடைசிச் சோறு எனக்கு வரும், அதைப் போடும்போது அம்மாவின் அகப்பை சத்தமாகத் தட்டும். நான் மாடி அறைக்குப் போய் மனு எழுதினேன். சின்னம்மாவைத் தொழிலாளி என்று ஒத்துக்கொள்ளச் சொல்லி எங்கள் அமைப்பு போட்ட கேஸ் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. திங்கள்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்றேன். செய்ததைத் தப்பு என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

கம்பெனி புதிதாகச் சில அறைகள் கட்டி, திரும்பத் திறக்க அனுமதி வாங்கிவிட்டது. ஒரு திங்கள் காலை வேன் எங்கள் தெருவுக்கு வந்தது. ஆர்டர் தேங்கிக் கிடந்ததால் போர்மேனோடு மேனேஜரே முன் சீட்டில் வந்திருந்தார். பெண்கள் தூக்குவாளியோடு வெளியே வந்தார்கள். ஏறத்தான் வந்தார்கள். எனக்கு அதில் சந்தேகம் இல்லை; பட்டினியை எதிர்த்து எவ்வளவு நாள் பேச முடியும்? சின்னம்மா தன் வீட்டு வாசலில் நின்றாள். வேனில் முதலில் கால் வைக்கப் போன தகட்டு அக்கா அவளைப் பார்த்துவிட்டுக் காலைக் கீழே இறக்கினாள்.

"சார், ஒரு சங்கதி" என்றாள். "இவ யாரு?"

மேனேஜர் வாட்சைப் பார்த்தார். "ஏறுங்கம்மா, நேரமாகுது."

"இவ யாருன்னு சொல்லுங்க, ஏறுதோம்."

"அதான் கேஸ் நடக்குதுல்ல. கோர்ட்டு சொல்லும்."

"கோர்ட்டு இவளப் பார்த்ததில்ல. நீங்க பாத்திருக்கீக. தீவாளிக்கு தீவாளி இவ கையில ஸ்வீட் பாக்கெட்டு குடுத்தது நீங்கதான?"

யாரும் ஏறவில்லை. டிரைவர் என்ஜினை நிறுத்தினான். மேனேஜர் என்னைப் பார்த்தார். "நீதானம்மா இதுக்கெல்லாம் காரணம். படிச்ச பொண்ணு, நீயே சொல்லு, இதுக நாலு காசு பாக்க வேண்டாமா?"

"பாக்கணும் சார். நீங்க ஒரு வரி சொன்னாப் போதும், இப்பவே ஏறிருவாங்க."

அவர் பக்கத்தில் இருந்த போனை எடுத்தார், யாருக்கோ பேசப்போனவர் பேசாமல் வைத்தார். கீழே இறங்கினார். தரையைப் பார்த்துக்கொண்டு, "நம்ம கம்பெனியில வேலை பார்த்தவங்கதான்" என்றார்.

"கேக்கல" என்றாள் சின்னம்மா. வாசல்படியிலிருந்து இறங்கி அவருக்கு எதிரில் வந்து நின்றாள். "எம் மொகத்தப் பார்த்துச் சொல்லுங்க. வெறகுன்னு சொன்னப்ப எம் மொகத்தப் பாக்கல. இப்பப் பாருங்க."

அவர் நிமிர்ந்தார். "நீங்க நம்ம கம்பெனியில வேலை பார்த்தீங்க."

தெருவே கேட்டது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பெண்கள் ஏற ஆரம்பித்தார்கள். போர்மேன் பெருமூச்சு விட்டு வேன் கதவைப் பிடித்தார். அப்போது சின்னம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு, ஒட்டிப்போன கையைக் கம்பியில் கோத்து ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குக்கா ஏறுத? ஒனக்கு வேலை இல்லையே" என்றார் போர்மேன்.

"இங்கன சொன்னது தெருவுக்கு. இன்னைக்குத் திங்கக்கெளமை. கலெக்டர் ஆபீசுல மனு வாங்குவாக. இதையே இவரு அங்கன வந்து எளுத்துல குடுக்கட்டும். அப்புறம் எல்லாரும் வேலைக்குப் போவோம்." டிரைவரின் தோளைத் தட்டினாள். "விருதுநகருக்கு விடுலே."

டிரைவர் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் வேனுக்குள் நிறைந்திருந்த பெண்களைப் பார்த்தார். அதற்குள் அம்மா என்னையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டு, வேனின் தகரத்தை உள்ளிருந்து ஓங்கித் தட்டினாள்.

"என்ன பாக்கீக சார், முன்னால ஏறுங்க. எடுலே வண்டிய!"